பினாங்குத் தொழிலாளரின் வேலை உடை

வேலை உடை இரண்டு காரியங்களைச் செய்கிறது. உழைப்பவரின் உடம்பைக் காக்கிறது. அவர் யாருடைய ஆள், எந்தப் படியில் நிற்பவர் என்பதை ஊருக்குக் காட்டுகிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைக் கைக்கொண்டதிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் அரசும் முதலாளிகளும் உடைக்கென்று செலவிட்டது பெரும்பாலும் இரண்டாவது காரியத்துக்குத்தான். உடம்பைக் காக்கும் பொறுப்பு தொழிலாளியிடமே விடப்பட்டது. துண்டு, சாக்கு, பழஞ்சட்டை என்று கையில் இருந்ததைக் கொண்டு அவர் அதைச் சமாளித்தார்.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் பலர் முதலில் இறங்கிய தொழில்கள் துறைமுகத்தைச் சேர்ந்தவை. படகோட்டுவதும் மூட்டை இறக்குவதும் வெற்றுடம்போடு செய்யும் வேலைகளாகவே இருந்தன. வேட்டியையோ கைலியையோ தொடைக்குமேல் மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டால் உடை முடிந்தது. அந்தத் துண்டுதான் அவர்களுடைய முதல் பாதுகாப்புக் கருவி. அதை நீளவாக்கில் முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி உச்சந்தலையில் வைத்தால் சும்மாடு. மூட்டையின் கனம் ஓரிடத்தில் அழுத்தாமல் மண்டையைச் சுற்றிப் பரவும். படகுக்கும் கரைக்கும் இடையே போட்ட பலகையில் நடக்கையில் சுமை வழுக்காது. மழை வந்தால் சணல் சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் தள்ளிக் கொங்காணியாகத் தலைமேல் போட்டுக்கொள்வார்கள். அதே சாக்கு முதுகில் கிடந்தால் உப்பும் மிளகாயும் தோலை அரிக்காது. எந்த முதலாளியும் கொடுக்காத, எந்தக் கணக்கிலும் ஏறாத இந்தக் கருவிகளை வேலை உடையின் வரலாற்றில் முதலிடத்தில் வைப்பதே நியாயம்.

அதிகாரம் கொடுத்த உடை வேறு வகை. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பினாங்கில் சாலை போடவும் காடழிக்கவும் பயன்படுத்தப்பட்டார்கள். பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறை முறையில் கைதிகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். கீழ்வகுப்பினரின் காலில் விலங்கு கிடந்தது. நன்னடத்தையால் மேலேறிக் கண்காணிப்பாளர் ஆனவர்கள் அடையாளப் பட்டை அணிந்தார்கள். ஒருவரின் நிலையை உடையே அறிவித்துவிடும் இந்த ஏற்பாடு, பின்னாளில் நகராட்சி, அஞ்சல், ரயில், காவல் ஆகிய துறைகளின் சீருடைகளிலும் தொடர்ந்தது. அவற்றில் பரவிய காக்கி, 1840-களின் இறுதியில் பஞ்சாப் எல்லையில் ஹாரி லம்ஸ்டன் அமைத்த படையோடு அறிமுகமானது. அழுக்குத் தெரியாது, பல நாள் உழைக்கும் என்பது அதன் சிறப்பு.

தோட்டத் துரைமாரின் தொப்பியும் இங்கே குறிப்பிடத் தக்கது. வெயில் மூளையைத் தாக்கும் என்று அஞ்சிய ஐரோப்பியர் நெட்டியில் செய்த தொப்பி அணிந்தார்கள். தஞ்சாவூர்ப் பகுதியில் பொம்மையும் மாலையும் செய்யப் பயன்படும் அதே நெட்டிதான். நிழலில் நின்று மேற்பார்வை பார்ப்பவருக்குத் தொப்பி. நாள் முழுவதும் வெயிலில் குனிந்து வெட்டுபவருக்கு ஒன்றுமில்லை. தமிழரின் தோல் வெயிலைத் தாங்கும் என்ற காலனிய நம்பிக்கை இந்த ஏற்றத்தாழ்வுக்கு அறிவியல் போர்வை போர்த்தியது.

வெள்ளைச் சட்டையும் காக்கியும் விறைப்பாக நிற்கச் சலவைத் தொழிலாளர் வேண்டியிருந்தது. ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் குடியேறிய தமிழ்ச் சலவைக் குடும்பங்கள் துறை அமைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் மடிப்பு வைத்தார்கள். அந்த இடம் இன்றும் டோபி காட் என்றே வழங்குகிறது. நகரத்தின் சீருடைகளை வெளுத்தவர்கள் தங்கள் வேலையை முழங்கால் நீரில், ஈரத் துணியோடு செய்தார்கள்.

செபராங் பிறையில் 19-ஆம் நூற்றாண்டில் ஓங்கியிருந்தது கரும்பு. பத்து காவான், கலிடோனியா போன்ற தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டார்கள். கரும்புத் தோகையின் ஓரம் கத்தியாக அறுக்கும். ஆலையில் கொதிக்கும் பாகு தெறிக்கும். ஒப்பந்தமுறை 1910-இல் முடிவுக்கு வந்த காலத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டிருந்தது.

ரப்பர்த் தோட்டம் தனக்கென ஓர் உடையை உருவாக்கியது. அதை வடிவமைத்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. இருட்டிலேயே பாலுக்காக மரப்பட்டையை வெட்டத் தொடங்கவேண்டும். சேலை அல்லது கைலியின்மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையையும் காதையும் பிடரியையும் மூடிக் கட்டிய துண்டு, நெற்றியில் விளக்கு, கொசுவுக்காக இடுப்பில் கட்டிய புகையும் சுருள். காலுக்கு, வாங்க முடிந்தவர்கள் ரப்பர்ச் செருப்பு அல்லது கறுப்பு ரப்பர்க் காலணி வாங்கினார்கள். அந்தக் காலணி அட்டையையும் முள்ளையும் ஈரத்தையும் தடுத்தது. மலேசியாவில் இன்று ‘அடிடாஸ் கம்போங்’ என்ற பெயரில் மலையேறுவோரும் அதை விரும்பி அணிகிறார்கள். துணியில் சிந்திய ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. ஆகவே வேலைத் துணி தனியாக, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டின் வெளிக்கொடியில் தொங்கும். வீட்டுத் துணியோடு சேராது. ஸ்டோர் எனப்பட்ட தோட்டத்து ஆலையில் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் விரல்களைப் புண்ணாக்கியது. தமிழர் உழைத்த இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள். ஆனால் அதன் விலை தொழிலாளியின் சம்பளக் கணக்கில் கழிந்தது.

இதே ரப்பர்தான் உலகெங்கும் பாதுகாப்பு உடையின் மூலப்பொருளாயிற்று. 1823-இல் சார்ல்ஸ் மேக்கிண்டாஷ் ரப்பர் பூசிய மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். அடுத்துவந்த ஆண்டுகளில் ரப்பர் பூட்ஸ் வந்தது. 1889-90 குளிர்காலத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியால் கை புண்ணான தம் செவிலியருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறை செய்யச் சொன்னார். அறுவை மருத்துவக் கையுறை நோயாளிக்காக அல்ல, ஒரு பணியாளரின் கையைக் காப்பதற்காகவே பிறந்தது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் அந்தக் கையுறைக்கான பாலை எடுத்த கைகளுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. ரப்பர்க் கையுறை ஏற்றுமதியில் மலேசியா இன்று உலகில் முதலிடம் வகிக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபின் துணி இறக்குமதி நின்றது. தோட்டங்களில் சாக்கையும் மெல்லிய ரப்பர்த் தகட்டையும் உடையாகச் சுற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் பலர் கோவணத்தோடு, வெறுங்காலோடு மழைக்காட்டில் உழைத்தார்கள். காலில் பட்ட சிறு கீறலும் ஆறாப் புண்ணாகி உயிரைக் குடித்தது. அதே காலத்தில், இந்திய விடுதலைக்கென 1943-இல் உருவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து பயிற்சி பெற்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய தோட்ட வாழ்வில் உடை உயிர்ப்பிரச்சினையானது மருந்தடிப்பு வேலையில். 1960-களில் சந்தைக்கு வந்த பாராகுவாட் களைக்கொல்லி ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பரவியது. அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் தமிழ்ப் பெண்கள் கணிசம். முதுகில் சுமக்கும் பம்பு கசிந்தால் மருந்து ரவிக்கையை நனைத்து முதுகில் ஊறும். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது என்ற முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் எழுந்தன. கையுறை, பூட்ஸ், முகமூடி, கண்ணாடி, மேலங்கி அனைத்தையும் அணியவேண்டும் என்பது மருந்துக் கம்பெனிகளின் பதில். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், வியர்வை உலராத ஈரக்காற்றில், உடம்பை முழுக்க மூடிய உடையோடு பல மணி நேரம் நடந்தால் அந்த உடையே மயக்கத்தைத் தரும். கழற்றினால் விஷம், போட்டால் வெப்பம். பழியோ, உடையைக் கழற்றியவர்மீதே விழுந்தது.

பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் பெண்கள் உரிமை அமைப்பான தெனாகானித்தாவும் 2002-இல் தோட்டப் பெண்களின் நிலையை ஆய்வறிக்கையாக வெளிக்கொணர்ந்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இக்களத்தில் நெடுநாள் நின்றது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்து, 2006-இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள். ஆபத்தை அகற்றுவது முதல்வழி, உடையால் தடுப்பது கடைசிவழி என்று தொழிற்பாதுகாப்பு இயல் வகுத்திருக்கும் வரிசைக்கு இதைவிடத் தெளிவான சான்று மலேசியத் தோட்டங்களில் இல்லை.

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் திறக்கப்பட்டது. இன்டெல் உள்ளிட்ட மின்னணு நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலை பஸ்களில் வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கண்டது அதுவரை இல்லாத ஓர் உடை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லிஸ் விட்ஃபீல்ட் உருவாக்கிய தூய்மை அறைக்குரிய அந்த அங்கி தலை முதல் கால் வரை மூடும். கண் மட்டும் தெரியும். மனிதத் தோலிலிருந்து இடைவிடாது உதிரும் நுண்துகள் மின்னணுச் சில்லின்மேல் படக்கூடாது என்பதே அதன் நோக்கம். பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது. தொழிலாளியிடமிருந்து பொருளைக் காக்கும் உடை அது. அமிலத்திலிருந்தும் கரைப்பான் ஆவியிலிருந்தும் தொழிலாளியைக் காக்கத் தனிக் கவசம் வேண்டும்.

சட்டம் இதன்பின்னரே விரிவு பெற்றது. 1967-இன் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் பொருந்தியது. 1991-இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலையில் நடந்த வெடிவிபத்துக்குப் பின், 1994-இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி தரவேண்டியவற்றுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று அது விதித்தது; இலங்கையில் கம்பளிக்குக் கழித்த காலத்தை நினைத்தால் இதன் அருமை புரியும். 2022-இல் நிறைவேறி 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்தைக் கண்டால் வேலையிடத்திலிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது; முதலாளிக்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது; ஏறத்தாழ எல்லா வேலையிடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் வீட்டுப் பணியாளர்கள் இன்னும் அதற்கு வெளியே இருக்கிறார்கள். கழிவறை அமிலத்தையும் வெளுப்பானையும் வெறுங்கையால் கையாளும் அவர்களுக்குக் கையுறை தரவேண்டிய கடமையை அந்தச் சட்டம் யார்மீதும் சுமத்தவில்லை.