குளிரிற் கனிந்த கொடி

திராட்சை என்றும் முந்திரிகை என்றும் வழங்கும் கொடி வெயிலை விரும்புவது. ஆயினும், உலகப் புகழ்பெற்ற வெண்மது வகைகளுள் ஒன்று குளிர்மிகுந்த ஜேர்மனியிலே தோன்றியது. அதனைத் தரும் கொடிக்கு றீஸ்லிங் என்பது பெயர். றைன் நதிக்கரையிலும், அதனோடு வந்து கலக்கும் மோசல் நதிக்கரையிலும் அது சிறந்து வளருகின்றது.

மோசல் கரையில் முந்திரிகை பயிரிடும் வழக்கம் உரோமர் காலத்தது. நாலாம் நூற்றாண்டில் அந்நதியைப் பாடிய ஒசோனியசு என்னும் இலத்தீன் புலவர், அதன் மலைச்சரிவுத் தோட்டங்களையும் பாடினார். றீஸ்லிங் என்னும் பெயரோ 1435ஆம் ஆண்டிலே, பிரபு ஒருவரின் கணக்கேட்டில் முதன்முதலாகக் காணப்படுகின்றது.

ஏறத்தாழ 50 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த அந்நிலத்திலே வெயில் அரும்பொருள். ஆதலின், கதிரவனை நேர்நோக்கும் செங்குத்தான தென்சரிவுகளைக் குடியானவர் தேர்ந்தனர். அங்குள்ள கரிய சிலேற்றுக் கற்கள் பகலில் வெப்பத்தை உண்டு இரவில் உமிழ்கின்றன. ஆற்றுநீர் ஒளியைச் சரிவின்மீது திருப்புகின்றது. இரவின் குளிரோ பழத்தின் புளிப்புக் குன்றாது காக்கின்றது. இனிமையும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இம்மதுவின் தனிச்சிறப்பாகும்.

எனினும், றீஸ்லிங் மெல்லக் கனிவது. முந்திப் பறித்தாற் புளிக்கும். பிந்தினால் மழையும் உறைபனியும் ஓராண்டு உழைப்பை அழித்துவிடும். இவ்விரு அச்சங்களுக்கிடையே, தாமதத்தின் பயனை உணர்த்தியது 1775ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. றைன் கரையிலுள்ள யொகானிஸ்பேர்க் தோட்டம் அந்நாளிற் புல்டா நகரத்து ஆயருக்கு உரியதாயிருந்தது. அவரது அனுமதியின்றி அறுவடை தொடங்கலாகாது. அவ்வாண்டு அனுமதி கொணரும் தூதுவன் பிந்தி வந்தான் என்பர். அதற்குள் பழங்களிற் பூஞ்சணம் பற்றிவிட்டது. ஆனால், அப்பூஞ்சணம் பழத்தின் நீரை வற்றச் செய்து இனிமையைத் திரட்டியிருந்தது. அம்மது ஒப்பற்றதாய் விளங்கவே, பிந்திப் பறித்தல் ஒரு முறையாகவே நிலைபெற்றது.

மோசல் பகுதியிலோ குடியானவர் பலர், மிகுதியாக விளையும் தாழ்ந்த இனங்களையே நம்பியிருந்தனர். 1787இல் திரியர் நகரத்துப் பேராயரும் ஆட்சியாளருமான கிளெமென்ஸ் வென்சஸ்லாஸ், ஏழாண்டுகளுள் அவற்றைக் களைந்து நல்லினங்களை நடுமாறு கட்டளையிட்டார். புதுக்கொடி பயன்தரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை அக்குடும்பங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் மோசல் மது பெற்ற பெரும்புகழுக்கு இம்மாற்றமும் ஒரு காரணமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அங்கு வெப்பம் உயர்ந்து வருகின்றது. பழம் கனியாதோ என்று அஞ்சிய மக்கள், இன்று புளிப்புக் குன்றுமோ என்று அஞ்சுகின்றனர். பிறெம் என்னும் ஊரின் கல்மொண்ட் மலை ஏறத்தாழ 65 பாகை சரிவுடையது. அத்தகைய இடங்களிலே பெரும்பாலான வேலை இன்றும் மனிதர் கையாலேயே நடைபெறுகின்றது. உழைப்பார் அருகியமையாற் கைவிடப்பட்ட சரிவுகளிலே புதர் மண்டுகின்றது. குளிரை வென்ற கொடிக்கு, அதனைப் பேணும் கைகள் குறைவதே இன்றைய பெருஞ்சோதனை.