ஹாபிக்காக சர்க்யூட் போர்டு டிசைன்: எந்த மென்பொருளில் தொடங்குவது, எப்படிக் கற்பது?

பிரெட்போர்டில் ஒரு சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், பத்துப் பதினைந்து ஜம்பர் வயர். ஞாயிற்றுக்கிழமை எப்படியோ ஓட வைத்துவிட்டீர்கள். திங்கட்கிழமை யாரோ மேசையைத் துடைக்கும்போது ஒரு வயர் கழன்றுவிடுகிறது. எது கழன்றது என்று தேட அடுத்த ஞாயிறு வரை நேரமில்லை. 'பேசாம நாமே ஒரு பிசிபி டிசைன் பண்ணிட்டா என்ன?' என்ற யோசனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது.

போர்டு தயாரிப்பது இப்போது பெரிய செலவில்லை. 10 செ.மீ. நீள அகலத்துக்குள் அடங்கும் இரண்டு லேயர் போர்டு ஐந்தை, சீன ஆலைகள் சில டாலருக்கே செய்து தருகின்றன. கூரியர் செலவும் சுங்க வரியும்தான் அதைத் தாண்டிவிடும். பெங்களூரு, காந்திநகர் போன்ற ஊர்களில் உள்ள நிறுவனங்களும் சிறிய ஆர்டர்களை எடுக்கின்றன. உதிரி பாகங்களுக்கு சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு இருக்கவே இருக்கின்றன. ஆக, பலரும் தயங்கி நிற்பது மென்பொருளின் முன்னால்தான்.

மூன்று வருடம் கழித்து ஃபைல் திறக்குமா?

மென்பொருள்களை ஒப்பிடும்போது எல்லோரும் வசதிகளைத்தான் பட்டியலிடுவார்கள். ஹாபிக்காரருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இன்று நான் சேமிக்கும் ஃபைலை மூன்று வருடம் கழித்து, யாருக்கும் பணம் கட்டாமல், என்னால் திறக்க முடியுமா?

இந்தக் கேள்வியின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஈகிள் என்ற மென்பொருளை 1988-ல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. இரண்டு லேயர், 80 சதுர செ.மீ. என்ற வரம்போடு இலவச வடிவமும் கிடைத்ததால் நெடுங்காலம் ஹாபிக்காரர்களின் முதல் தேர்வு அதுதான். ஆர்டுயினோ, ஸ்பார்க்ஃபன், அடாஃப்ரூட் ஆகியவை தங்கள் போர்டுகளின் டிசைனைப் பொதுவில் வெளியிட்டதும் பெரும்பாலும் ஈகிள் ஃபைல்களாகத்தான். 2016-ல் ஈகிளை ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2017-ல் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறை போய் சந்தா வந்தது. 2023-ல் அடுத்த அறிவிப்பு: ஈகிளுக்கு 2026 ஜூன் 7 கடைசி நாள், அதன்பின் ஃப்யூஷனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு இது ஒரு வணிக முடிவு. ஆனால் பத்து வருட டிசைன்களை அதில் வைத்திருந்தவர்களுக்கு, தங்கள் சொந்த வேலையையே வேறு இடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டிய நிலைமை.

அதனால்தான் புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில் கீகேட். 1992-ல் ஜான்-பியர் ஷராஸ் என்ற பிரெஞ்சு ஆசிரியர் தொடங்கியது. பிறகு ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகப் பொறியாளர்களும் கைகொடுத்தார்கள். நீங்கள் ஒரு டிராக்கை இழுக்கும்போது குறுக்கே இருக்கும் மற்ற டிராக்குகள் தானாக நகர்ந்து வழிவிடுகிற வசதி அவர்கள் தந்தது. 2019-ல் இந்தத் திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின்கீழ் வந்தது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் போர்டு அளவுக்கோ, வணிகப் பயன்பாட்டுக்கோ தடையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சேமிக்கும் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம், கிட்டில் போட்டு மாற்றங்களைக் கண்காணிக்கலாம். ஒரு எச்சரிக்கை: புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. நண்பரோடு சேர்ந்து வேலை செய்தால் இருவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. டவுன்லோடே ஒரு ஜிபியைத் தாண்டும். முதல் இரண்டு நாள் 'எதுக்கு இத்தனை ஜன்னல்?' என்று எரிச்சல் வரும்.

அந்த எரிச்சல் வேண்டாம், நாளைக்கே போர்டு ஆர்டர் பண்ணணும் என்பவர்களுக்கு ஈசிஇடிஏ நல்லது. பிரவுசரிலேயே ஓடும். எல்.சி.எஸ்.சி. கடையின் பாகங்களும் ஜே.எல்.சி.பி.சி.பி. ஆலையும் உள்ளேயே இணைந்திருப்பதால், கையிருப்பில் இருக்கும் பாகத்தைப் பார்த்தே டிசைன் செய்யலாம். வழக்கமாக ஃபைல் கிளவுடில்தான் சேமிக்கப்படும் என்பதால், ஒவ்வொரு திட்டம் முடிந்ததும் ஒரு நகலை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கீகேட் 8-ஆம் பதிப்பு முதல் ஈசிஇடிஏ ஃபைல்களை இறக்குமதி செய்யவும் முடிகிறது. இதில் தொடங்கி அதற்குப் போவது பாவமில்லை.

மற்றவை? ஆல்டியம் டிசைனர் தொழில்முறை நிறுவனங்களுக்கானது, உரிமக் கட்டணம் லட்சங்களில். அலுவலகத்தில் கிடைத்தால் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வேண்டாம். ஃப்ரிட்சிங் பிரெட்போர்டு படம் வரைய அருமை, போர்டு டிசைனுக்குச் சீக்கிரமே போதாமல் போகும். சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன்தான் முதல் ஆர்வம் என்றால், ஐஐடி பாம்பேயின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய இசிம்மைப் பாருங்கள். அதுவும் கீகேட், என்ஜிஸ்பைஸ் ஆகியவற்றின் மேல் கட்டியதுதான்.

முதல் போர்டில் என்ன செய்வது?

டுடோரியல் வீடியோக்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது பலரும் விழும் குழி. பதிலாக ஒரு சின்ன போர்டை ஆர்டர் வரை கொண்டுபோய் முடியுங்கள். 555 டைமர், இரண்டு எல்.இ.டி., நாலைந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவு போதும்.

வேலையின் வரிசை எந்த மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஸ்கீமாட்டிக், அதாவது எது எதோடு இணைகிறது என்ற வரைபடம். அதில் வரும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ஃபுட்பிரிண்ட் ஒதுக்க வேண்டும். அந்தப் பாகம் போர்டில் உட்காரும் துளைகள், செம்புத் திட்டுகளின் உண்மையான அளவு அது. பிறகு பாகங்களை இடம் பார்த்து வைப்பது, டிராக் இழுப்பது, விதிமீறல் சோதனை, கடைசியில் ஆலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகள். இதில் இடம் பார்த்து வைப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். பாகங்கள் சரியாக உட்கார்ந்துவிட்டால் டிராக் சுலபமாக ஓடும். தானாக டிராக் போட்டுத் தரும் ஆட்டோரூட்டர் முதல் போர்டுக்கு வேண்டாம். ஏன் அப்படிப் போனது என்று உங்களுக்கே புரியாது.

தொடங்கும் முன்பே ஆலையின் குறைந்தபட்ச டிராக் அகலம், இடைவெளி, துளை அளவு ஆகியவற்றை அமைப்பில் போட்டுவிடுங்கள். சிக்னலுக்கு 0.25 மி.மீ., பவருக்கு 0.5 முதல் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இதுபோன்ற சின்ன போர்டுகளுக்குத் தாராளம்.

ஃபுட்பிரிண்ட் விஷயத்தில் நான் சூடுபட்டவன். காற்றிலுள்ள பிஎம் 2.5 நுண்துகளை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்று நோட்எம்சியுவை வைத்து ஒரு போர்டு டிசைன் செய்தேன். இணையத்தில் கிடைத்த ஃபுட்பிரிண்ட்டை எடுத்துப் போட்டேன். எல்லாச் சோதனையும் பச்சைதான் காட்டியது. இரண்டு வாரம் கழித்து ஐந்து போர்டும் வந்தன. கையிலிருந்த நோட்எம்சியு உட்காரவே இல்லை. விசாரித்தால், சந்தையில் வி2, வி3 என்ற பெயர்களில் விற்கும் இரண்டிலும் கால் வரிசைகளுக்கு இடையிலான தூரமே வேறு. ஒன்றில் 22.86 மி.மீ., மற்றதில் 27.94 மி.மீ. என்னிடம் இருந்தது அகலமானது, நான் வரைந்தது குறுகலானதற்கு. விதிமீறல் சோதனைக்கு இது தெரியாது. டிராக்குகள் முட்டிக்கொள்கின்றனவா என்றுதான் அது பார்க்கும், உங்கள் டப்பாவில் எந்தப் பாகம் இருக்கிறது என்று பார்க்காது. அந்த ஐந்தும் இப்போது டீ டம்ளர் வைக்கும் தட்டுகள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஆர்டர் போடும் முன் டிசைனை 100 சதவீத அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ஒரு தெர்மாகோல் துண்டில் ஒட்டி, பாகங்களைக் குத்திப் பார்ப்பேன். பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று தானாகச் சுருக்கிவிடும், அதை அணைத்துவிடுங்கள். டிரான்சிஸ்டர்கள் மட்டும் இதில் தப்பிவிடும். பிசி547, 2என்3904 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, துளைகளிலும் சரியாக உட்காரும். ஆனால் தட்டையான பக்கத்தை நம் பக்கம் திருப்பிப் பிடித்தால் முதலாவதில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டாவதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். இங்கே டேட்டாஷீட்டைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று, விளையாட்டல்ல. 'ஃபேனை வைஃபையில ஆன் பண்ணலாம்' என்று 230 வோல்ட் ரிலேயை முதல் போர்டிலேயே சேர்த்துவிடாதீர்கள். கீகேட்டில் டிராக்குகளுக்கான இயல்பான இடைவெளி 0.2 மி.மீ. அது 5 வோல்ட் சர்க்யூட்டுக்குச் சரி, மின் இணைப்புக்கு உயிராபத்து. நீங்கள் விதியை மாற்றாதவரை மென்பொருள் அதைத் தவறென்று சொல்லவே சொல்லாது. முதல் சில போர்டுகளுக்கு யுஎஸ்பி பவரே போதும்.

கல்லூரிக் காலத்து ஈகிள் ஃபைல்கள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

இருந்தால் கீகேட்டில் கோப்பு மெனுவிலுள்ள இறக்குமதி வசதி வழியாகத் திறந்து பாருங்கள். ஈகிள் 6-ஆம் பதிப்பு முதல் எக்ஸ்எம்எல் வடிவத்தில் சேமித்தது என்பதால் அவை வந்துவிடும். திறந்ததும் செம்பு நிரப்பிய பகுதிகளை மீண்டும் நிரப்பி, விதிமீறல் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளின் ஃபைல்கள் பைனரி. அவற்றை 6 அல்லது அதற்குப் பிந்தைய ஈகிளில் திறந்து மறுபடி சேமித்தால்தான் கீகேட் ஏற்கும். அந்த ஈகிள் இன்னும் யாருடைய பழைய லேப்டாப்பிலாவது ஓடுகிறதென்றால், அதை ஃபார்மட் செய்வதற்குள் முடித்துவிடுங்கள்.