பாக்கெட்டின் வாய் எத்தனை அங்குலம்?

லண்டன், 1870 பிப்ரவரி 11. செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் பில்லியர்ட்ஸ் சாம்பியன்ஷிப். வேல்ஸ் இளவரசரே ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார்! ஒரு பக்கம், இருபது வருஷமாகப் பட்டத்தை வைத்திருக்கும் ஜான் ராபர்ட்ஸ். எதிரே, இருபது வயசு வில்லியம் குக்.

ஆனால், அன்றைய நிஜ ஹீரோ மேஜைதான்! அந்தக் காலத்தில் ‘ஸ்பாட் ஸ்ட்ரோக்’ என்று ஒரு வித்தை. புள்ளியில் இருக்கும் சிவப்புப் பந்தை மூலை பாக்கெட்டில் தள்ளினால், எடுத்து அதே இடத்தில் வைப்பார்கள். மறுபடி தள்ளு, மறுபடி வை... எதிராளி கொட்டாவி விட்டபடி உட்கார வேண்டியதுதான். குக் இதில் கில்லாடி. இதற்குக் கடிவாளம் போட, வழக்கமாக மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்த பாக்கெட்டை 3 அங்குலமாகச் சுருக்கினார்கள். பந்தே இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். மிச்ச இடத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்! அப்படியும் 1,200 புள்ளி ஆட்டத்தில் குக் 117 வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மற்ற மேஜைகளில் வித்தை தொடர்ந்தது. 1890-ல் டபிள்யூ.ஜே. பீல் ஒரே மூச்சில் 3,304 புள்ளிகள் குவித்தார்! மேஜைக்கு மேஜை அளவு மாறினால் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? 1892-ல் பில்லியர்ட்ஸ் சங்கம் பாக்கெட்டுக்குத் திட்டமான அளவு கொண்டுவந்தது.

சரி, அரை அங்குலம் அப்படி என்ன செய்துவிடும்? 9 அடி பூல் மேஜையில் மூலை பாக்கெட்டின் வாய் சுமார் நாலரை அங்குலம். பந்து இரண்டேகால். அதாவது, இரண்டு பந்து நுழையும் வாசல்! 12 அடி ஸ்னூக்கர் மேஜையில் வாசல் மூன்றரை அங்குலம்தான். போதாக்குறைக்கு அதன் உதடுகள் வளைந்தவை. லேசாக இடித்தாலே பந்து தடதடத்து வெளியே வந்துவிடும். தூரம் வேறு! கோணத்தில் நூலிழை பிசகினால், தூரம் இரண்டு மடங்காகும்போது விலகலும் இரண்டு மடங்கு. ‘அப்போ 7 அடி பூல் மேஜை சுலபம்தானே?’ என்பீர்கள். பாதி சரி. அதே பதினைந்து பந்துகள் சின்ன இடத்தில் முண்டியடித்து நிற்பதால், வழி கண்டுபிடிப்பது தனிக் கஷ்டம்.

இந்த அளவு விவகாரம் ஒருவரை நிஜமாகவே வாட்டியது. 1979 ஜனவரி. முன்னாள் உலக சாம்பியன் ஜான் ஸ்பென்சர், ஸ்னூக்கரில் 36 பந்துகளைத் தவறாமல் போட்டு, 147 என்ற உச்சத்தைத் தொட்டார். அந்த நேரம் பார்த்து டி.வி. கேமராக்கள் ஓடவில்லை! அதையாவது விதி என்று விட்டுவிடலாம். மேஜையின் பாக்கெட்டுகள் விதிமுறையைவிடப் பெரியவை என்பதால், சாதனையே அதிகாரபூர்வ ஏட்டில் ஏறாமல் போயிற்று.

மூன்று வருஷம் கழித்து, 1982-ல் ஸ்டீவ் டேவிஸ் சரியான அளவு பாக்கெட்டுகளில், கேமரா முன்னால் 147 எடுத்துச் சரித்திரத்தில் இடம்பிடித்தார். அன்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா?

அதே ஜான் ஸ்பென்சர்!