விழுந்ததற்கு ஒரு எண்

தாத்தா காலத்தில் எங்கள் ஊரான பாலாறு கோயம்புத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா. 1956இல் மைசூரோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டமானது. அதே பெயருள்ள ஆறு மட்டும் அன்று போலவே மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போய்க் கலக்கிறது. தாத்தாவின் பழைய பட்டாவை எடுத்துக்கொண்டு, எந்த ஆபீஸில் கேட்பது என்று அப்பா அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். எந்தத் தலைப்பின் கீழ் எழுதி வைக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க டாக்டர் எழுதியதைப் படித்து, காயத்துக்கு ஒரு கோடு, சிகிச்சைக்கு ஒரு கோடு போடுவோம். இன்சூரன்ஸ் பணம் வருவது இவை இரண்டினால்தான். வண்டி விபத்தில் எப்படி அடிபட்டது என்று சொல்லும் ‘வி’ கோடு பணம் கொண்டுவராது. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். எனக்கோ அந்தக் கோடுதான் முக்கியம்.

காயத்தின் கோடும் ‘வி’ கோடும் உள்ள பட்டியலுக்கு வேர், 1893இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்தது. அது சாவின் காரணங்களுக்கானது. பிழைத்தவர்களின் நோயும் காயமும் அதற்குள் வர 1948 ஆயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆறாவது திருத்தம் அது. பத்தாவது திருத்தத்துக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகள் மாறியது 2015 அக்டோபர் 1.

2017 செப்டம்பரில் சான்டா மோனிகா தெருக்களில் ‘பேர்ட்’ கம்பெனியின் வாடகை ஸ்கூட்டர்கள் இறங்கின. நின்றபடி ஓட்டும் பேட்டரி வண்டி. பிறகு சார்ட்டுகளில் வந்தன: உடைந்த மணிக்கட்டு, கிழிந்த தாடை, போன பல். காயத்துக்குக் கோடு இருந்தது, வண்டிக்கு இல்லை. ஒருவர் மோட்டார் இல்லாத ஸ்கூட்டர் என்று போடுவார். இன்னொருவர், நடக்க முடியாத முதியவர்கள் உட்கார்ந்து போகும் வண்டியின் கோடைப் போடுவார். இப்படிச் சிதறிப்போனால் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யார் எண்ணுவது?

2020 அக்டோபர் 1 முதல் அந்த வண்டிக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. விழுந்தால் வி00.841. அசையாத பொருளில் மோதினால் வி00.842. நடந்துபோனவர் மேல் மோதினால், அவருக்கு வி00.031. நின்று ஓட்டுபவரும் இந்தப் பட்டியலில் பாதசாரிதான். நம்மூரில் உட்கார்ந்து ஓட்டும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார் சைக்கிளோடு சேரும். வி20 முதல் வி29 வரை.

போன மழைக்காலத்தில் என் தம்பி அப்படி ஒரு ஸ்கூட்டரில் மாதேஸ்வரன் மலைப் பாதையில், கொண்டை ஊசி வளைவில் சறுக்கி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. டிஸ்சார்ஜ் தாளில் ‘ஆர்.டி.ஏ.’ என்று மூன்றே எழுத்து, சாலை விபத்தாம். என்ன வண்டி, எதிலாவது மோதினானா, தானாக விழுந்தானா, ஒன்றுமில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் வி28.4 என்று எழுதினேன்.

“என்னக்கா எழுதற?”

“நீ எப்படி விழுந்தேன்னு.”

அந்தத் தாள் இப்போது பீரோவில், தாத்தாவின் பட்டாவோடு இருக்கிறது.