புது வீட்டுக்குக் கரண்ட்: நூறாண்டுக் கெடு



வீடு கட்டிக்கொண்டிருக்கும் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில், "சார், பூச்சு வேலை முடிந்தபின் கரண்டுக்கு எழுதிக் கொடுத்தால் போதுமா?" என்று கேட்டார். வரலாற்று வாத்தியார் அல்லவா, பழைய கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்திலேயே இதற்கு ஒரு கெடு உண்டு. தெருவில் மின்கம்பி ஓடும் இடத்தில் ஒருவர் எழுதிக் கேட்டால், ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும். ஆனால் கேட்பவருக்கும் கடமை வைத்தார்கள். தன் மனைக்குள் வரும் கம்பிக்கும், தெருக் கம்பியிலிருந்து 100 அடியைத் தாண்டும் கம்பிக்கும் செலவு அவருடையது. போஸ்ட் எவ்வளவு தூரம் என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

1957-இல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு, தவறினால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை அபராதம் என்றது. புதிதாகக் கம்பி இழுக்கவோ துணைமின் நிலையம் அமைக்கவோ வேண்டியிருந்தால், அந்த வேலை முடிந்த பிறகுதான் இணைப்பு.

2020-இல் வந்த நுகர்வோர் உரிமை விதிகள் கெடுவைப் பெருநகரத்துக்கு 7 நாள், மற்ற நகராட்சிப் பகுதிக்கு 15, கிராமத்துக்கு 30 என்று பிரித்தன. 2024-இல் அது 3, 7, 15 ஆகக் குறைந்தது. மலைக் கிராமங்களுக்கு மட்டும் 30 நாள். இந்த நாள் கணக்கெல்லாம் விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த அன்றுதான் தொடங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1989-இல் எங்கள் வீடு முடிந்தபோது, வயரிங் செய்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய டெஸ்ட் ரிப்போர்ட்டை நான் வாங்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான் பால் காய்ச்சினோம். பார்வை மங்கிய என் அம்மா, புது வீட்டின் நிலைவாசலைக் கையால் தடவித் தடவி உள்ளே வந்தார். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே வீடு கட்டும் பிள்ளைகளே, கட்டட வேலைக்கு வாங்குவது தற்காலிக இணைப்பு. அதற்குக் கட்டணம் கூடுதல். வேலை முடியும் முன்பே வீட்டு இணைப்புக்கான காகிதங்களைத் தயார் செய்யுங்கள். மனு கொடுத்த நாளுக்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கெடு தவறினால் கேட்க அதுதான் ஆதாரம்.

கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். வாழ்க நலமுடன்.