கர்டிஸ் எக்ஸ்எஃப்15சி
அமெரிக்கக் கடற்படைக்காக கர்டிஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைப் போர் விமானம். மூக்கில் சுழல்விசிறியை இயக்கும் பிஸ்டன் எஞ்சின், உடலின் அடிப்பகுதியில் ஜெட் எஞ்சின் என இருவகை உந்துவிசை கொண்டது.

தொடக்ககால ஜெட் எஞ்சின்கள் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன. விசையைக் கூட்டினால் உடனே வேகமெடுக்கவும் மாட்டா. விமானந்தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்தில் இறங்கும் விமானிக்கு இந்தத் தாமதம் உயிராபத்து. எனவே ஏறவும் இறங்கவும் நெடுந்தூரம் பறக்கவும் பிஸ்டன், சண்டையில் வேகத்துக்கு ஜெட் என்று யோசித்தார்கள். 1944இல் மூன்று மாதிரிகளுக்கு ஆணை தரப்பட்டது.

2,100 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 பிஸ்டன் எஞ்சின் முன்னே. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் வடிவமைப்பை உரிமம் பெற்று அல்லிஸ்-சால்மர்ஸ் தயாரித்த ஜெட், விமானி அறைக்குப் பின்னால். அதற்கான காற்று இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் உள்ளே நுழையும். புகைபோக்கி வாலின் கீழே முடியும். இரண்டும் சேர்ந்து இயங்கினால் மணிக்குச் சுமார் 750 கி.மீ.

1945 பிப்ரவரியில் நடந்த முதல் பறப்பில் ஜெட் பொருத்தப்படவேயில்லை. அந்த மாதிரி விமானம் மே மாதம் தரையிறங்க வரும்போது விழுந்து நொறுங்கியது. எஞ்சியவற்றின் கிடைவால் செங்குத்து வாலின் உச்சிக்கு மாற்றப்பட்டு, 'டி' எழுத்து வடிவம் பெற்றது. அதற்குள் முழு ஜெட் விமானங்கள் தேறிவிட்டன. 1946 அக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்கக் கடற்படைக்கு கர்டிஸ் கட்டிய கடைசிப் போர் விமானம் இதுவே.