ஓட்டுநரில்லாக் காவல் வண்டியும் நெடுஞ்சாலையின் கொள்திறனும்

நெடுஞ்சாலையில் கோடு போடும் வண்டி ஊர்ந்து செல்லும்போது, மோதல்தாங்கி பொருத்திய லாரி ஒன்று அதன் பின்னே காவலாக வரும். கவனம் பிசகிய எவரேனும் வந்து மோதினால் அந்த அடியை வாங்கிக்கொள்வதே அதன் வேலை. அதற்குள் ஒரு மனிதரை உட்காரவைப்பது கொடுமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் போக்குவரத்துத் துறை 2017இல் அந்த இருக்கையைக் காலியாக்கத் தொடங்கியது. முன்வண்டி தன் இருப்பிடத்தை வானொலி அலைகள் வழியே அனுப்பிக்கொண்டே போக, பின்வண்டி அதே வழியில் தானே தொடர்கிறது.

உயிர்காப்பு ஒன்றே இந்த ஏற்பாட்டுக்குப் போதுமான நியாயம். ஆனால் அதைக் கொள்திறன் ஆதாயமாகவும் கணக்கில் எழுதுவது தவறு. பின்னால் வருபவருக்கு லாரியில் ஆள் இருக்கிறாரா என்பது பொருட்டே அல்ல. ஒரு தடம் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோர்டன் நியூவெல் 1998இல் வகுத்த நகரும் இடையூறு பற்றிய கோட்பாட்டைக் கொண்டு இதை அளந்து பார்க்கலாம். ஒரு திசையில் இரண்டு தடங்கள், ஒரு தடத்தின் கொள்திறன் மணிக்கு 2000 வண்டிகள், தடையற்ற வேகம் 100 கி.மீ., பராமரிப்பு வண்டிகளின் வேகம் 15 கி.மீ. என்று கொள்வோம். அவற்றோடு நகர்ந்தபடி எண்ணினால், திறந்த தடம் மணிக்கு 1700 வண்டிகளைத்தான் கடத்திவிடும். சாலையில் மணிக்கு 2600 வண்டிகள் வந்தால், அவற்றுள் 2210 வண்டிகள் இந்த இடையூற்றை எட்டும். மணிக்கு 510 வீதம் தேங்கும். வரத்து 1800 ஆனால் எட்டுபவை 1530 மட்டுமே, தேக்கம் இல்லை. 2000தான் எல்லை. வண்டியை ஓட்டுவது மனிதரா கருவியா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை; எந்த நேரத்தில் வேலை நடக்கிறது என்பதே விடையை முடிவு செய்கிறது.

ஆகவே கொள்திறனுக்கு ஆதாயம் வந்தால் அது மறைமுகமாகவே வரும். இரவில் வரத்து குறைவு, ஆபத்து அதிகம். காவல் லாரியில் ஆளில்லை என்றால் இரவுப் பணிக்கு ஒப்புவது சற்றே எளிதாகும். முன்வண்டியில் மட்டும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. தொடர்பு அறுந்தாலோ குறுக்கே தடை வந்தாலோ பாதுகாப்பு கருதிப் பின்வண்டி நின்றுவிட வேண்டும். நகர்ந்த இடையூறு அப்போது நிலைத்த அடைப்பாகிறது. முன்சொன்ன 2600 வரத்தில் தேக்கம் மணிக்கு 600ஆக ஏறும். நின்ற லாரியை ஓரங்கட்ட உள்ளே ஆளில்லை. முன்வண்டியிலிருந்து ஒருவர் வண்டிகள் பாயும் சாலையில் நடந்து வர வேண்டும். விலக்க நினைத்த ஆபத்து அங்கேயே திரும்பிவிடுகிறது. முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் உள்ள இடைவெளியை நீட்டினால் கார்கள் இடையில் புகும்; சுருக்கினால் மோதப்பட்ட லாரி முன்வண்டிமீது தள்ளப்படும். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஆஃபாஸ் திட்டம், இந்த ஏற்பாட்டைச் சாலையின் ஓரப்பட்டையில் நடக்கும் பணிகளோடு நிறுத்திக்கொண்டது அறிவுடைமை.

இத்தகைய வண்டியை ஓடுதடத்தில் இறக்க விரும்பும் துறைகள், அது வழியில் எத்தனை முறை நின்றது, மீண்டும் நகர எவ்வளவு நேரம் எடுத்தது என்பவற்றை அந்தந்த மணியின் வரத்தோடு சேர்த்துப் பதிந்து வெளியிட வேண்டும். அனுமதியும் அந்தப் பதிவின் பேரிலேயே தரப்பட வேண்டும்.